கண்ணற்ற முயலுக்கு யார் பிணை?

ஒன்றின் மதிப்பை அதனால் விளையும் பயனைக் கொண்டு அளப்பது மனிதனின் பழைய வழக்கம். பால் வற்றிய பசுவுக்குத் தொழுவத்தில் இடம் குறைகிறது. நுகம் தாங்க மாட்டாத எருதுக்கு வைக்கோல் குறைகிறது. முட்டையிடுவதை நிறுத்திய கோழியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் இவையெல்லாம் ஒரு காலத்தில் நமக்குப் பயன் தந்தவை. 'இதன் பாலைக் குடித்து வளர்ந்தோமே, இதைக் கொண்டு உழுது உண்டோமே' என்று நன்றியின் பெயராலேனும் அவற்றுக்காக வாதாட இடமுண்டு. ஒருநாளும் ஒரு பயனும் தராத உயிர், இனித் தரப்போவதும் இல்லாத உயிர், அதற்கு மேல் கண்ணையும் இழந்துவிட்ட உயிர், இத்தகைய ஒன்றுக்கு நம்மிடம் கேட்டுப் பெறத்தக்க உரிமை ஏதேனும் உண்டா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

வினா ஏட்டளவில் பிறந்ததன்று. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் பிள்ளைகளின் ஆசைக்காக வெள்ளை முயல் ஒன்றை வாங்கி வளர்த்தனர். ஓராண்டு கழிந்தபின் அதன் இரு விழிகளிலும் பால் படர்ந்தாற்போல் வெண்மை படிந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுக் கண்புரை என்றார். பார்வை திரும்புவதற்கில்லை என்றும் சொன்னார். பிள்ளைகளின் ஆசையும் அதற்குள் தணிந்து போயிருந்தது. 'இதை இனி என்ன செய்வது?' என்ற பேச்சு எழுந்தபோது, பக்கத்து வீட்டு முதிய தம்பதியர், 'எங்களிடம் கொடுத்துவிடுங்கள்' என்று கேட்டு வாங்கிக் கொண்டனர்.

அண்டை அயலார் சும்மா இருப்பார்களா? 'ஊருக்கு வெளியே புல்வெளியில் விட்டுவிடுங்கள்; அதன் ரிஸ்கை அல்லாஹ் பார்த்துக் கொள்வான்' என்றார் ஒருவர். 'ஹலாலான பிராணிதானே? அறுத்துவிட்டால் அதன் துன்பமும் தீரும், உங்கள் சிரமமும் தீரும்' என்றார் இன்னொருவர். 'இதற்குச் செலவிடும் காசில் ஓர் ஏழைக்குச் சோறு போட்டால் எவ்வளவு நன்மை!' என்றார் மூன்றாமவர். அப்பெரியவர் இம்மூன்று சொற்களையும் சுமந்து கொண்டு என்னிடம் வந்தார். 'ஹஜ்ரத், நான் செய்வது மார்க்கத்துக்கு இசைந்த காரியந்தானா, அல்லது வயதான காலத்துப் பித்தா?' என்று கேட்டார். அவருக்கு வாய்மொழியாகச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். அம்மூவரும் கெட்ட எண்ணத்தால் பேசியவர்களல்லர். ஆகவே மூவர் கூற்றையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

விட்டுவிடுவது விடுதலையா?

பூனையைக் கட்டிப் போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம்மில் அறியாதார் இலர். அப்பெண் அந்தப் பூனையின் பொருட்டு வேதனைக்கு ஆளானாள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. அதில் அவள்மீது சாட்டப்பட்ட குற்றம் எது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவள் பூனையை அடித்தாள் என்றோ நஞ்சு வைத்தாள் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. அடைத்து வைத்திருந்த காலத்தில் உணவும் கொடுக்கவில்லை. மண்ணில் ஊரும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்று கொள்ளட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. இதுவே குற்றம்.

ஆகவே அவள் முன்னே இரு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று உணவளிப்பது, மற்றொன்று விட்டுவிடுவது. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தாலும் அவள் தப்பியிருப்பாள். இரண்டாவது வாயில் பூனைக்கு உண்மையிலேயே வாயில்தான். கட்டவிழ்ந்த பூனை தன் இரையைத் தானே தேடிக் கொள்ளும். கண்ணிழந்த வீட்டு முயலுக்கு அந்த வாயில் சுவராகிவிடுகிறது. வெள்ளை மயிர் போர்த்த அதன் உடல், பச்சைப் புல்லின் நடுவே பருந்துக்கும் நாய்க்கும் தொலைவிலிருந்தே தெரியும். அவை வருவது அதற்குத் தெரியாது. ஓடினாலும் எங்கே ஓடுவதென்று அறியாது.

நம் நாட்டுக் காடுகளில் வாழும் முயலுக்கும் வீட்டில் வளரும் வெள்ளை முயலுக்கும் பெயர் ஒன்றாயினும் இனம் வேறு. நம் காட்டு முயல் கண் திறந்தபடியே பிறக்கிறது. பிறந்த சிறிது நேரத்தில் துள்ளி ஓடத் தொடங்குகிறது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காப்பதால், அதைப் பிடித்து வளர்ப்பது குற்றமுமாகும். வீட்டு முயலோ ஸ்பெயின் முதலான ஐரோப்பிய நிலங்களில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழிவந்தது. பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தது. கண் தெரியும் முயலையே நம் புதர்க்காட்டில் விட்டால் பிழைப்பது அரிது. கண் தெரியாததை விட்டால் அதற்கு விடுதலை என்ற பெயர் பொருந்துமா?

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இந்நுட்பத்தைத் தெளிவாகவே வகுத்துள்ளனர். தன் பிராணியை மேய விடுவது தீனி போடுவதற்கு ஈடாகும் என்று அவர்கள் ஒப்புக் கொள்கிறார்கள். ஆனால் மேய்ச்சலில் அதன் வயிறு நிறைய வேண்டும் என்பது நிபந்தனை. நிறையாவிட்டால் குறையை உரியவன் தீர்க்க வேண்டும். 'ரிஸ்கை அல்லாஹ் பார்த்துக் கொள்வான்' என்பது ஈமானின் சொல்தான், ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அந்த முயலின் ரிஸ்கை அல்லாஹ் எந்தக் கையின் வழியாக அனுப்ப நாடினான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாவா? நம் கையில் வைக்கப்பட்டதை நாம் உதறிவிட்டு, தவக்குலின் பெயரைச் சொல்வது தவக்குலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம் நாட்டின் 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டமும், வளர்ப்பவர் தக்க உணவும் நீரும் இடமும் தரத் தவறுவதையும், தக்க காரணமின்றி பிராணியைக் கைவிடுவதையும் குற்றமாகவே எண்ணுகிறது.

அறுப்பது இரக்கமா?

இரண்டாமவர் கூற்று இன்னும் வலுவுடையது. முயல் ஹலாலானது என்பதில் நம் அறிஞர் பெருமக்களிடையே ஐயமில்லை. மக்காவுக்கு அருகிலுள்ள மர்ருள் ளஹ்ரான் என்னுமிடத்தில் தாம் ஒரு முயலைத் துரத்திப் பிடித்ததையும், அபூதல்ஹா (ரலி) அவர்கள் அதனை அறுத்து அதன் தொடைக்கறியைப் பெருமானாருக்கு அனுப்பி வைத்ததையும், அவர்கள் அதனை ஏற்றுக் கொண்டதையும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676 இல் மறைந்தவர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஷாபிஈ மதரஸாக்களில் மதிப்புடன் ஓதப்படும் அவர்களுடைய 'மின்ஹாஜ்' நூல், தன் பிராணிக்குத் தீனி தர மறுப்பவனைப் பற்றிப் பேசுகிறது. உண்ணத்தக்க பிராணியாயின் விற்கவோ, தீனி போடவோ, அறுக்கவோ அவன் கட்டாயப்படுத்தப்படுவான். உண்ணத்தகாததாயின் விற்கவோ தீனி போடவோ மட்டுமே கட்டாயப்படுத்தப்படுவான்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒருவன் அந்த முயலை முறைப்படி அறுத்து உண்பானாயின் அவனை நாம் பாவி என்று சொல்லிவிட முடியாது. சிரியாவின் மஅர்ரா நகரில் வாழ்ந்த அபுல் அலா என்ற பெருங்கவிஞர் பிள்ளைப் பிராயத்திலேயே அம்மை நோயால் கண்ணிழந்தவர். பிற்காலத்தில் இறைச்சியையும் பாலையும் முட்டையையும் தேனையும்கூட விலக்கி வாழ்ந்து 1057 இல் மறைந்தார். இறைவன் ஆகுமாக்கியதை விலக்குவது ஏன் என்று கேட்டு அவருடன் கடிதவழி வாதிட்டாரும் உண்டு. கண்ணற்ற ஒரு மனிதரின் நெஞ்சு வாயற்ற உயிர்கள்பால் அவ்வளவு நெகிழ்ந்தது வியப்புக்குரியதே. ஆயினும் அவர் தமக்கு விதித்துக் கொண்ட நெறியை நாம் பிறர்மீது சட்டமாகச் சுமத்த இயலாது.

இரண்டாவது செய்தி இதனினும் ஆழமானது. அறுக்கலாம் என்ற அனுமதி உணவுக்காக வந்தது. 'இது துன்பப்படுகிறது, ஆகவே கொன்று விடுவோம்' என்ற காரணத்துக்காக வந்ததன்று. உண்ணத்தகாத பிராணி ஒன்று தீரா நோயில் கிடந்தாலும், அதற்கு ஓய்வு தருவதாகச் சொல்லி அதை அறுப்பது கூடாது என்றே ஷாபிஈ அறிஞர்கள் எழுதியுள்ளனர். நடக்க மாட்டாமல் கிடக்கும் கழுதையை அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அவர்கள் கல்நெஞ்சர்களா? அல்லர். ஓர் உயிரின் வாழ்வு அதற்கே பாரமாகிவிட்டது என்று தீர்ப்புக் கூறும் தகுதியை மனிதன் எளிதில் தனக்கு வழங்கிக் கொள்ளலாகாது என்பதே அவர்கள் கருத்தின் உட்கிடை என்று எனக்குத் தோன்றுகிறது. 'அதன் துன்பம்' என்று நாம் சொல்லும்போது, பல வேளைகளில் அதைப் பார்த்துக் கொண்டிருக்கும் நம் சங்கடத்தையே சொல்கிறோம்.

உண்மையில் கண்ணிழந்த முயல் துன்பப்படுகிறதா என்று எவரேனும் அதனருகில் அமர்ந்து பார்த்ததுண்டா? முயலின் விழிகள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. பின்னாலும் மேலாலும் வரும் பகையைக் காண்பதற்கென்றே அவ்வாறு படைக்கப்பட்டவை. ஏறத்தாழ முழு வட்டத்தையும் காணும் அவ்விழிகளுக்குத் தன் மூக்கின் நேர்முன்னே உள்ள சிறு இடம் தெரிவதில்லை. ஆகவே கண் நன்றாக இருக்கும் முயலுங்கூட வாயருகே உள்ள புல்லை மோப்பத்தாலும் மீசை மயிராலும் உதட்டாலுமே அறிந்து தின்கிறது. இன்னொன்றும் உண்டு. வீட்டு முயலின் குட்டி கண் மூடியபடியே பிறக்கிறது. கண் திறக்க ஏறக்குறைய 10 நாட்கள் ஆகின்றன. அதுவரை தாயின் மடியை அது மணத்தால் மட்டுமே கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு வீட்டு முயலும் தன் வாழ்வை இருளில் தொடங்கி, அந்த இருளிலேயே தன் முதல் உணவையும் பெற்றுவிடுகிறது. பார்வை போனபின் அதற்கு எஞ்சியிருப்பவை கொஞ்சமல்ல: செவி உண்டு, மூக்கு உண்டு, மீசை உண்டு, பாதங்கள் அறியும் தரை உண்டு. பழகிய இடத்தில் பாதுகாப்போடு இருக்கும்வரை அது உண்கிறது, உறங்குகிறது, மகிழ்ந்தால் துள்ளவும் செய்கிறது. அதன் வாழ்வு குறைந்திருக்கலாம், முடிந்துவிடவில்லை.

நோயால் உண்ண முடியாமல், மருந்தும் பலிக்காமல், வலியில் கிடக்கும் நிலை வேறு. உண்ணத்தக்க பிராணியான முயலுக்கு அந்நிலை வந்தால், மருத்துவரையும் மார்க்கம் அறிந்தவரையும் கலந்து முடிவு செய்ய இடமிருக்கிறது. வெறும் கண்ணின்மை அந்நிலையைச் சேர்ந்ததன்று.

ஏழைக்கு ஏன் கொடுக்கவில்லை?

மூன்றாமவர் கேள்வியைத் தட்டிக் கழிப்பது தவறு. பசித்த மனிதன் இருக்கும் ஊரில் முயலுக்குப் புல் தேடுவது முறையா? இக்கேள்விக்கு விடை, முயல் எந்த நிலையில் நம் முன் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அது நம்முடையதாக இல்லாதபோது, அதை ஏற்பதும் ஏற்காததும் நம் விருப்பம். அப்போது நம் கைப்பொருளைக் கணக்கிட்டே தீர வேண்டும். மனைவி மக்களின் உணவும் பெற்றோரின் தேவையும் முந்தியவை. அவற்றில் குறை வைத்துவிட்டுப் பிராணியை ஏற்பது இரக்கமாகாது. ஆனால் ஒருமுறை ஏற்றபின் அதன் உணவு தர்மக் கணக்கிலிருந்து கடன் கணக்குக்கு மாறிவிடுகிறது. கடன்பட்டவன், தீர்க்க வழியில்லாதபோது, கடனுக்குரிய பொருளை எடுத்து தர்மம் செய்வதையும், தன் பொறுப்பில் உள்ளவர்களின் செலவுக்குரியதை எடுத்து ஸதகா கொடுப்பதையும் நம் இமாம்கள் தடுத்துள்ளனர். கொடுப்பவன் தனக்குச் சொந்தமானதைக் கொடுக்க வேண்டும். கூண்டில் இருக்கும் முயலின் ஒருபிடிப் புல் முயலுக்குச் சொந்தமானது. அதை எடுத்து ஏழைக்குக் கொடுப்பதாகச் சொல்பவர் பிறர் பொருளைத் தானம் செய்கிறார்.

இன்னும் நேராகச் சொல்வதானால், அந்தத் தம்பதியரின் முயல் தின்பது அறுகம்புல்லும் முருங்கைக் கீரையும் கொத்தமல்லித் தண்டுமே. அதை நிறுத்திவிட்டால் எந்த ஏழைக்கும் ஒருவேளைச் சோறு கூடிவிடாது. ஏழையின் பெயரைச் சொல்லி முயலை மறுப்பவர், முயல் இல்லாத நாளில் அந்த ஏழையைத் தேடிப் போனாரா என்று தம்மையே கேட்டுக் கொள்வது நல்லது. இரக்கம் பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்து போகும் பண்டமாக இருந்தால் சிக்கனம் தேவைப்படும். பழகப் பழக வளரும் இயல்புடையது அது. வாய் திறந்து கேட்காத உயிரின் பசியை அறியப் பழகியவருக்கு, கேட்க வெட்கப்படும் மனிதனின் பசியும் தெரிய வரும்.

பிணை என்னும் சொல்

'கஃபாலா' என்ற அரபுச் சொல் இரு பொருள் உடையது. சட்ட நூல்களில் அதற்குப் பிணை நிற்றல் என்று பொருள். அநாதையை ஏற்று வளர்ப்பவரையும் அதே வேரிலிருந்து பிறந்த 'காஃபில்' என்ற சொல்லால் குறிக்கிறோம். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் ஏற்று வளர்த்ததைத் திருக்குர்ஆன் குறிப்பதும் இவ்வேர்ச்சொல்லாலேயே. வளர்த்தலும் பிணை நிற்றலும் ஒரு சொல்லில் கூடியிருப்பது எண்ணத்தக்கது. நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றே ஒரு படலம் அமைத்தார். வேடனிடம் சிக்கிய மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வரும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நின்ற வரலாற்றை அப்படலம் பாடுகிறது. விலங்குக்குப் பிணையா என்று தமிழ் முஸ்லிம் வீடுகள் வியந்து ஒதுங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டுக் கண் கலங்கின.

பிணை நிற்பதன் இயல்பு என்ன? நிற்குமுன் எவரும் வற்புறுத்த முடியாது. நின்றபின் எவரும் எளிதில் விலக முடியாது. யாருக்காகப் பிணை நின்றோமோ அவர் செல்வரா, திறமையுள்ளவரா, நமக்கு நன்றியுள்ளவரா என்ற கேள்விகள் பிணையை ரத்துச் செய்வதில்லை. கண்ணற்ற முயலை ஏற்பவர் அதன் எஞ்சிய வாழ்நாளுக்குப் பிணை நிற்கிறார். வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதையும் அறிந்தே அவர் கையெழுத்திட வேண்டும்.

இவ்வெண்ணம் நம் மரபுக்குப் புதியதன்று. 'சுல்தானுல் உலமா' என்று போற்றப்பட்ட இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660 இல் மறைந்தவர்கள். அவர்கள் தமது 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலையை அடைந்துவிட்டாலும் அதற்குரிய செலவை உரியவன் செய்தாக வேண்டும் என்பது அப்பட்டியலில் இடம்பெறுகிறது. அவர்கள் எடுத்தாண்ட சொல் 'ஹுகூக்', அதாவது உரிமைகள். கருணை என்பது கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தது. இன்று இருக்கும், நாளை மறையும். உரிமை பெறுபவரைச் சார்ந்தது. நம் மனநிலை மாறினாலும் அது மாறாது. திமிஷ்கு நகரில் உழைக்க மாட்டாமல் உரியவரால் கைவிடப்பட்ட முதிய குதிரைகள் மேய்ந்து திரிவதற்கென்றே ஒரு பசும்புல்வெளி வக்ஃபு செய்யப்பட்டிருந்தது என்று சிரிய அறிஞர் முஸ்தபா அஸ்ஸிபாஈ (1915–1964) எழுதியிருக்கிறார். வக்ஃபு என்பது கொடுத்தவர் மறைந்த பின்னும் நிற்பது. பயனற்ற குதிரையின் தீனியை ஒருவரின் அன்றாட மனநிலைக்கு விட்டுவிடாமல் நிலையான ஏற்பாடாக ஆக்கிவிட்ட சமுதாயம் அது.

அறிந்து செய்யும் இரக்கம்

பிணை நின்றவருக்கு அறிவும் வேண்டும். அறியாமல் காட்டும் அன்பு பல வேளைகளில் கொடுமையாக முடியும். கண்ணற்ற முயலைக் கண்டதும் நாம் செய்ய விரும்புவது அதை அள்ளி மடியில் வைத்துத் தடவுவது. அதற்கோ மேலிருந்து இறங்கும் கை பருந்தின் நகமாகவே படுகிறது. திடுக்கிட்டு அது பின்னங்கால்களை வீசி உதைத்தால், அதன் மெல்லிய முதுகெலும்பே முறிந்து போகலாம். ஆகவே அருகில் செல்லுமுன் குரல் கொடுக்க வேண்டும். கையைத் தாழ்த்தி அதன் மூக்கருகே நீட்டி முகரவிட வேண்டும். தூக்கியே ஆக வேண்டுமானால் நெஞ்சையும் பின்புறத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

தண்ணீர்க் கிண்ணம், புல்வைக்கும் இடம், ஒதுங்கிப் படுக்கும் பெட்டி ஆகியவை ஒருநாள் இருந்த இடத்திலேயே மறுநாளும் இருக்க வேண்டும். வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று நாம் மாற்றி வைக்கும் ஒரு பலகை அதற்குப் புதிய மதிலாகிவிடும். அத்தம்பதியர் தண்ணீர் இருக்குமிடத்தில் சாக்கையும் உறங்குமிடத்தில் கோரைப்பாயையும் விரித்து வைத்துள்ளனர். பாதம் பட்டதும் அது இடத்தை அறிந்து கொள்கிறது. கம்பி வலைமேல் நிற்க வைத்தால் பாதம் புண்ணாகும் என்பதால் சமதரையில் வைத்திருக்கின்றனர்.

அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. நார் மிகுந்த புல்லையும் உலர்புல்லையும் ஓயாது மெல்வதாலேயே அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன. சோறும் ரொட்டியும் பிஸ்கட்டும் அதற்கு உணவல்ல. சித்திரங்களில் முயலுடன் எப்போதும் காணும் கேரட்டுங்கூட இனிப்பு மிகுந்தது, சிறுதுண்டு போதும். அரை நாளுக்கு மேல் அது வாய் வைக்காமல் இருந்தால் குடல் இயக்கம் நின்றுவிட்டதோ என்று அஞ்சி மருத்துவரிடம் விரைய வேண்டும். முயல் தன் வலியை மறைக்கும் பிராணி, முனகாது, கத்தாது. நம் கோடையில் வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். நிழலும் காற்றும் ஈரத்தரையும் அதற்கு மருந்து. கண்புரைக்கு முதுமை மட்டும் காரணமன்று. என்செபலிட்டோசூன் என்ற நுண்ணிய ஒட்டுயிரும் கண்ணைக் கெடுக்கும். அதுவே கழுத்தைச் சாய்த்துவிடவும் கூடும். ஆகவே கண் போனதும் 'விதி' என்று விட்டுவிடாமல் காரணத்தை மருத்துவரிடம் அறிவது கடமை.

இவையெல்லாம் சிறு செய்திகள் என்று எண்ணலாம். ஆனால் உரிமை என்ற பெரிய சொல் நடைமுறையில் இச்சிறு செய்திகளாகவே உருவெடுக்கிறது. கிண்ணம் இடம் மாறாதிருப்பது அந்த முயலின் ஹக்கு. குரல் கொடுக்காமல் தொடாதிருப்பதும் அதன் ஹக்கு.

பிள்ளைகளின் ஆசை

வீட்டில் பிராணி வளர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துபோய் அவர் வாடியிருந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றி அன்போடு விசாரித்து அவரைத் தேற்றினார்கள். இச்சிறு நிகழ்ச்சி ஒன்றிலிருந்தே 60 படிப்பினைகளைத் திரட்டி இப்னுல் காஸ் (ரஹ்) என்ற ஷாபிஈ அறிஞர் தனி நூலே எழுதினார். பிள்ளைகள் பிராணியுடன் பழகுவதை மார்க்கம் மறுக்கவில்லை. அதனை வதைப்பதையும் பட்டினி போடுவதையுமே மறுத்தது.

ஆனால் பிள்ளையின் ஆசை சில மாதங்களில் தணியும். முயலின் வாழ்நாள் பத்தாண்டு நீளும். அந்த இடைவெளிக்கு யார் பிணை என்பதைப் பெற்றோர் வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். பிணை நிற்க இயலாதவர் வாங்காதிருப்பதே நன்று. இயலாமையை ஒப்புக்கொண்டு தக்கவர் கையில் ஒப்படைப்பதும் இழிவன்று. இழிவு எதுவென்றால், கண் போனது என்பதைக் காரணமாகக் காட்டி அதைக் குப்பைமேட்டோரம் விட்டுவிட்டு வருவதும், 'அது எங்கே?' என்று கேட்கும் பிள்ளையிடம் 'ஓடிப் போய்விட்டது' என்று சொல்வதுமே. அன்றைக்கு அப்பிள்ளை இரண்டு பாடங்களைக் கற்கிறது. பயன்படாததை விட்டுவிடலாம் என்பது ஒன்று. விட்டதைப் பற்றிப் பொய் சொல்லலாம் என்பது மற்றொன்று. நாளை நம் கண்ணிலும் புரை படரும். நம் கையும் நடுங்கும். அப்போது நம்மைத் தாங்க வேண்டியது அப்பிள்ளையின் கைதான்.

நாம் செய்யும் உதவிகளில் பெரும்பாலானவற்றைப் பெறுபவர் பார்க்கிறார், நன்றி சொல்கிறார், ஊருக்கும் தெரிகிறது. கண்ணற்ற முயல் தனக்குப் புல்வைத்த கையைப் பார்ப்பதில்லை. யார் வைத்தார் என்று எவரிடமும் சொல்லப் போவதுமில்லை. 'இஹ்ஸான்' யாதென வினவிய ஜிப்ரீல் (அலை) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த விளக்கத்தை இங்கே நினைவு கொள்வோம். நாம் இறைவனைக் காண்பது போல் அவனை வணங்க வேண்டும். நாம் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்பது அதன் கருத்து. பார்க்க முடியாத ஓர் உயிருக்கு, பார்ப்பார் எவருமில்லாத விடியற்காலையில், நேற்று வைத்த அதே இடத்தில் தண்ணீரை வைப்பவர் அந்த விளக்கத்தின் ஓரத்தையேனும் தொட்டவராவார். அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன விடையும் இதுதான்: இது பித்தன்று; நீங்கள் பிணை நிற்கிறீர்கள், அந்தப் பிணையை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக.